டயரில் இருக்கும் கோலம் அழகுக்கா, வேலைக்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளலாம், பதிவு எங்கும் ஓடிப்போகாது.

நம் பழைய மாணவர் குழுவில் சென்ற வாரம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "சார், டயர்ல கோடு, கட்டம், வளைவுன்னு கோலம் மாதிரி போட்டிருக்கான். கம்பெனிக்குக் கம்பெனி வேற வேற. இது அழகுக்கா, வேலைக்கா?" என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதுவதற்குள் நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். ஒருவர் "எல்லாம் வியாபாரத் தந்திரம்" என்றார். இன்னொருவர் "மொட்டை டயர்லயே மூணு வருஷம் ஓட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

நல்ல கேள்வி. நீதிமன்றங்களே இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. அந்தச் சிரிப்புப் பொம்மைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கம்போல வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

தோலில் தொடங்கிய கதை

பேகம்பூரில் வளர்ந்தவர்களுக்குத் தோல் ஷாப் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. காற்றடித்த முதல் டயருக்கு மேலுறையாக இருந்தது ரப்பர் அல்ல, தோல்தான் என்றால் நம்புவீர்களா?

1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே ரப்பர் பூசிய துணிக் குழாய், வெளியே கெட்டியான தோல். 1847இல் லண்டனில் குதிரை வண்டிகளில் மாட்டி ஓட்டிக் காட்டினார். சத்தமில்லாமல் ஓடுகிறதே என்று மக்கள் வியந்தார்கள். ஆனால் அப்போது மோட்டார் வண்டியும் இல்லை, இன்றைய சைக்கிளும் இல்லை. அதனால் அந்த டயர் பிழைக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888இல், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று டயரை மறுபடியும் கண்டுபிடித்தார். 1895இல் பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் அதை மோட்டார் காரில் மாட்டிப் பந்தயத்திலேயே ஓட்டினார்கள்.

அந்தக் காலத்து டயர்கள் எல்லாம் மொழுமொழுவென்று இருந்தன. ஒரு கோடுகூடக் கிடையாது. கார்களின் வேகம் கூடியதும் சிக்கல் தெரிந்தது. மழை பெய்தால் சறுக்கல், சேறு என்றால் சுழல். என்ன செய்தார்கள்? மறுபடியும் தோலைத்தான் தேடிப் போனார்கள். தோல் பட்டையில் இரும்புக் குமிழ் ஆணிகளை வரிசையாக அடித்து டயரின் மேல் பொருத்தினார்கள். 1905இல் மிஷலின் கம்பெனியே அப்படி ஒரு டயரை விற்றது. நம் வீட்டுப் பழைய மரக்கதவில் பித்தளைக் குமிழ் வரிசை பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அந்தத் தோற்றம். பார்க்க அலங்காரம், செய்வது பிடிமானம்.

இதற்கிடையே 1904இல் ஜெர்மனியின் கான்டினென்டல் கம்பெனி ரப்பரிலேயே பள்ளம் மேடு அச்சிட்ட கார் டயரைக் கொண்டுவந்தது. இன்று நம் பஞ்சர் கடைகளில் "பட்டன்" என்று சொல்கிறோமே, அந்தப் பட்டனின் பிறப்பு அதுதான்.

கம்பெனிப் பெயரே பட்டனானது

1908இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் கம்பெனி ஒரு வேடிக்கை செய்தது. கோடு போடுவதற்குப் பதிலாகத் தன் பெயரையும், "சறுக்காது" என்று பொருள்படும் "நான் ஸ்கிட்" என்ற சொற்களையும் பெரிய பெரிய எழுத்துகளாகச் சாய்வாக அடுக்கி டயரின் மேல் அச்சிட்டது. எழுத்தின் விளிம்புகளே சாலையைப் பிடித்துக்கொள்ளும். மண் சாலையில் வண்டி போனால் வழி நெடுகக் கம்பெனியின் பெயர் பதியும். சுவரும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம், விளம்பரம் தானாக ஓடிக்கொண்டே இருக்கும்.

அதே காலத்தில் குட்இயர் கம்பெனி வைரக்கல் வடிவக் கட்டங்களை அடுக்கியது. மக்கள் டயரின் தடத்தைப் பார்த்தே இது இன்ன கம்பெனி என்று சொல்லும் அளவுக்கு அந்த வடிவம் பழகிப்போனது. இங்கேதான் கேள்வி சிக்கலாகிறது. ஒரு வடிவம் சாலையையும் பிடிக்கிறது, கம்பெனியையும் அடையாளம் காட்டுகிறது என்றால், அதை வேலை என்பதா, அடையாளம் என்பதா?

குட்இயர் அந்த வைரக்கட்டத்தைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்யக் கேட்டது. 1928இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தக் கட்டம் சறுக்காமல் இருப்பதற்காகச் செய்தது, வேலை செய்யும் ஒரு வடிவத்தை ஒரே ஆள் காலத்துக்கும் தன் முத்திரை என்று வைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம்.

நம் நாட்டில் 2017இல் இதே கேள்வி தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தன் லாரி டயரின் பட்டன் வடிவத்தைப் போலவே செய்த இறக்குமதி டயர்கள் விற்கப்படுகின்றன என்று அப்பல்லோ டயர்ஸ் வழக்குத் தொடர்ந்தது. எதிர்த்தரப்பு, பட்டன் என்பது வேலைக்கான பொருள்தானே என்று வாதிட்டது. நீதிமன்றம் அப்பல்லோ பக்கம் நின்று தடை விதித்தது. டயருக்குப் பட்டன் தேவைதான், ஆனால் இந்தக் குறிப்பிட்ட பட்டன்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எத்தனையோ வடிவங்களில் அதே வேலையைச் செய்யலாம், எனவே தனித்தன்மையுள்ள வடிவம் செய்தவரின் அடையாளமாக நிற்க முடியும் என்பது அதன் கருத்து.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாவிக்குப் பல் வேண்டும் என்பது தேவை. அந்தப் பல்லை எப்படி வெட்டுவது என்பது பூட்டுச் செய்பவரின் கைவண்ணம். 1928இல் ஒரு நீதிமன்றம் தேவையைப் பார்த்தது, 2017இல் இன்னொன்று கைவண்ணத்தைப் பார்த்தது.

வடிவமைப்புக்கென்றே நம் நாட்டில் தனிச் சட்டமும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2000இல் புதிய வடிவமைப்புச் சட்டம் வந்தது. கொல்கத்தாவில் உள்ள அலுவலகத்தில் பதிவு. முதலில் 10 ஆண்டு, புதுப்பித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. டயர் பட்டன்களும் அங்கே பதிவாகின்றன. அந்தச் சட்டம் வடிவத்தைக் கண்ணால் பார்த்து மட்டுமே எடைபோடும். அந்த வடிவம் எப்படி வேலை செய்கிறது என்பது அதன் கணக்கில் வராது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பட்டனைப் படிப்பது எப்படி?

இப்போது வகுப்புக்குள் போவோம். நிற்கிற லாரி ஒன்றைச் சுற்றி வந்து பாருங்கள். முன் சக்கரத்தில் பெரும்பாலும் சுற்றிலும் நேர்க்கோடுகள் இருக்கும். முன் சக்கரத்தின் முக்கிய வேலை திரும்புவது. நேர்க்கோட்டுப் பள்ளம் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகாமல் தடுக்கும். பின் சக்கரத்தில் குறுக்காகப் பெரிய பெரிய கட்டைகள் இருக்கும். எஞ்சினின் பலம் அங்கேதான் இறங்குகிறது. தரையை உதைத்துத் தள்ள குறுக்குக் கட்டைதான் வேண்டும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தார் ஏற்றி இறங்கும் வண்டிக்கு இந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் தேவை.

நம் கிராமங்களில் கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டன்லப் கம்பெனி வங்காளத்தில் சகாகஞ்சில் 1936இலும், சென்னை அம்பத்தூரில் 1959இலும் தொழிற்சாலை தொடங்கியது. மாட்டு வண்டிக்கென்றே அது டயர் செய்தது. அந்த டயரில் பெரிய கட்டைகள் இருக்காது, எளிய கோடுகள்தான். ஏன்? அங்கே தரையை உதைப்பது மாட்டின் குளம்பு. சக்கரம் பின்னால் உருண்டு வந்தால் போதும்.

டிராக்டரின் பின் டயரைப் பாருங்கள், அம்புக்குறி அடுக்கியது போல இருக்கும். அம்பின் முனை முதலில் மண்ணைத் தொடும், பிறகு சேற்றை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். மாற்றி மாட்டினால் சேறு நடுவில் அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு புதிர்: ஈர வயலில் பதிந்த டிராக்டர் தடத்தில் அம்பு எந்தப் பக்கம் காட்டும்? டிராக்டர் போன திசைக்கு எதிர்ப்பக்கம். முதலில் தொட்ட முனை பின்னாலேயே பதிந்துவிடும் அல்லவா? பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கார் டயரில் இன்னொரு நுட்பம் உண்டு. கட்டங்கள் ஒரே அளவில் இருப்பது போலத் தெரியும், அளந்து பார்த்தால் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஓடும்போது ஒரே சுருதியில் ஊளைச் சத்தம் வரும். அளவை மாற்றிக் கலந்தால் சத்தம் சிதறிப்போகும். கண்ணுக்கு அழகாகத் தெரிகிற அந்த ஒழுங்கின்மை காதுக்காகச் செய்தது.

மழைதான் பரீட்சை

இப்போது சிரிப்புப் பொம்மை போட்ட தம்பிக்கு வருகிறேன். மொட்டை டயரில் மூன்று வருடம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்றீர்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் மொட்டை டயர் நன்றாகவே பிடிக்கும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் ஃபார்முலா பந்தயக் கார்களின் டயரைப் பார்த்தால் ஒரு கோடுகூட இருக்காது. தரையில் படும் ரப்பர் கூடக்கூடப் பிடிமானமும் கூடும் என்பதால் அப்படி. ஆனால் மழை வந்தால் அதே கார்கள் உள்ளே வந்து, ஆழமான பள்ளம் உள்ள டயரை மாட்டிக்கொண்டுதான் மறுபடி போகும்.

காரணம் தண்ணீர். கார் டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். இருசக்கர வண்டிக்கு அதைவிடக் குறைவு. ஈரச் சாலையில் அந்த உள்ளங்கைக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளம்தான் அந்த வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் எங்கே போகும்? டயரையே தூக்கிவிடும். வண்டி தரையில் ஓடாமல் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஹேண்டில்பாரும் கேட்காது. 1960களில் அமெரிக்காவின் நாசா, ஈர ஓடுதளத்தில் விமானங்கள் ஏன் சறுக்குகின்றன என்று ஆராய்ந்தபோது இதைத் தெளிவாகக் கணக்கிட்டுச் சொன்னது. டயரில் காற்று குறைந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடும் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

ஆக, மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றால் பரீட்சை இன்னும் வரவில்லை என்றுதான் பொருள். நமக்கு அந்தப் பரீட்சை ஐப்பசி, கார்த்திகையில் வரும்.

தேய்ந்ததை மீட்ட தமிழ்நாடு

தேய்ந்த டயரைத் தூக்கி எறியும் வசதி நம் நாட்டில் என்றும் பலருக்கு இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது டயருக்கும் பெட்ரோலுக்கும் பெரும் பஞ்சம். அப்போது மதுரையில் டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியையும் செய்தார், டயருக்கு மறுபடி ரப்பர் ஏற்றும் ரீட்ரேடிங் தொழிற்சாலையும் தொடங்கினார்.

போருக்குப் பிறகு சென்னையில் இன்னொரு கதை. கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை என்ற கேரள இளைஞர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்து பையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றார். ரீட்ரேடிங் கடைகளுக்கு வேண்டிய ரப்பரை வெளிநாட்டுக் கம்பெனி விற்பதைப் பார்த்துவிட்டு, இதை நாமே செய்தால் என்ன என்று 1952இல் இறங்கினார். நான்கே ஆண்டில் நாட்டின் ரீட்ரேடிங் ரப்பர் சந்தையில் பாதி அவர் கையில். 1961இல் முழு டயரே செய்யத் தொடங்கினார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப். புது டயருக்கு முன்னால் தேய்ந்த டயருக்கு முகம் கொடுத்துத்தான் அந்தக் கம்பெனி வளர்ந்தது.

ரீட்ரேடிங்கில் இரண்டு வழி. தேய்ந்த டயரைச் சுரண்டி, பச்சை ரப்பரைச் சுற்றி, சூடான அச்சுக்குள் வைப்பது ஒரு வழி. குழியின் வடிவத்தைப் பணியாரம் எடுத்துக்கொள்வது போல, அச்சின் வடிவத்தை ரப்பர் எடுத்துக்கொள்ளும். பட்டன் ஏற்கெனவே அச்சிட்ட பட்டையை வாங்கி ஒட்டி வேகவைப்பது இன்னொரு வழி, அதைத்தான் போர்டில் "கோல்டு" என்று எழுதியிருப்பார்கள். கோயம்புத்தூரின் எல்ஜி நிறுவனம் இதற்கான ரப்பருக்கும் இயந்திரங்களுக்கும் பெயர் பெற்றது. நல்ல கூடு, நல்ல ரப்பர், ஒழுங்கான வேலை என்றால் ரீட்ரேடிங் நேர்மையான தொழில். நம் லாரிக்காரர்கள் பலருடைய பிழைப்பே அதில்தான் நடக்கிறது.

அதன் பிறகும் டயர் சாவதில்லை. செருப்புத் தைப்பவரிடம் போய் டயர் செருப்பாகிறது. அந்தச் செருப்பு போட்டு மண்ணில் நடந்தவர்களின் காலடியில் லாரியின் தடம் பதிந்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். கிணற்றுக் கமலைக்கு வாளியாகவும், ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும் டயர் இருந்திருக்கிறது.

பொய்க் கோலம்

இவ்வளவும் சொன்னது இனி சொல்லப்போவதற்காக. தேய்ந்து மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிதாகக் கோடு வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டு, "நல்ல பட்டன் இருக்கு" என்று விற்கிறார்கள். இது ரீட்ரேடிங் அல்ல. அங்கே புது ரப்பர் ஏறுகிறது. இங்கே மிச்சமிருக்கும் ரப்பரையும் சுரண்டி எடுக்கிறார்கள். பள்ளம் ஆழமாகத் தெரியும், ஆனால் பள்ளத்துக்கு அடியில் நூல் படலத்தைக் காக்க வேண்டிய ரப்பர் போய்விட்டிருக்கும். ஒரு கல் குத்தினால் போதும், வெடித்துவிடும். சில லாரி டயர்களைக் கம்பெனியே வெட்டுவதற்கென்று கூடுதல் ரப்பர் வைத்துச் செய்து, பக்கவாட்டில் அதற்கான முத்திரையும் போடும். அந்த முத்திரை இல்லாத டயரில் கத்தி படவே கூடாது.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் அப்படி வெட்டிய டயரைப் புதிது போல நினைத்து மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி மாட்டினார். நானூறு ஐநூறு ரூபாய் மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம். இரண்டாவது மாதம் வத்தலக்குண்டு ரோட்டில் பின் டயர் வெடித்து விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் காலில் கம்பி வைத்து ஏழு மாதம் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னது, "பார்க்க நல்லாத்தான் சார் இருந்துச்சு."

பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது பார்வைக்கு மட்டுமே செய்தது. முன்னால் நினைவில் வைக்கச் சொன்னேனே, வடிவமைப்புச் சட்டம் கண்ணால் மட்டுமே எடைபோடும் என்று. சட்டம் அப்படிப் பார்க்கலாம், அதன் வேலை அது. வாங்குகிற நாம் அப்படிப் பார்க்கக் கூடாது. கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: ரப்பர் இருக்கும் வரை அந்தக் கோலம் அழகும் வேலையும் சேர்ந்தது, ரப்பர் போன பிறகு வெட்டினால் அது வெறும் அழகு. உயிரைக் காப்பது ஆழம்.

அந்த ஆழத்தை அறிய மெக்கானிக் வேண்டாம். பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். சிறு சிறு மேடுகள் குறுக்கே தட்டுப்படும். டயரின் பக்கவாட்டில் அந்த இடத்தைக் காட்ட ஒரு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் மோட்டார் வாகன விதிகளின் கணக்கில் அந்த அளவு கார், லாரிக்கு 1.6 மில்லிமீட்டர், இருசக்கர, மூன்று சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர். பழைய டயர் வாங்கும்போது பள்ளம் ஆழமாக இருந்தும் இந்த மேடுகளே காணவில்லை என்றால், அது கத்தி பட்ட டயர். வாங்காமல் வந்துவிடுங்கள்.

இன்று வீட்டுப்பாடம் உண்டு. வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மழை தொடங்குவதற்குள் டயரைத் தடவிப் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. அண்ணன் தம்பி, மாமா மச்சான், பக்கத்து வீட்டு காலேஜ் பையன் யார் வண்டி வாசலில் நின்றாலும் பாருங்கள். பார்த்தவர்கள் கீழே "பார்த்துவிட்டேன் சார்" என்று எழுதுங்கள். சிரிப்புப் பொம்மை போட்ட தம்பியின் பதிலைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன். ரீட்ரேடிங் கடையிலும் லாரியிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இதில் என்னைவிட அனுபவம் உள்ளவர்கள், நீங்கள் கண்டதையும் எழுதுங்கள், எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

அனைவரும் நலமாக வீடு வந்து சேர வாழ்த்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பேகம்பூர், திண்டுக்கல்.